நன்றாக ஓடிய வண்டியையும் கேளுங்கள்: மென்பொருள் பிழையைப் புள்ளிவிவரம் எப்படிப் பிடிக்கிறது?

2018 பிப்ரவரி 1. சரக்கு வண்டிகளுக்கு இ-வே பில் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்ட முதல் நாள். அன்றே போர்ட்டல் திணறி நின்றுவிட்டது. ஆரம்பகட்டத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி, சோதனைக் காலத்தை நீட்டிப்பதாக மத்திய அரசு அன்றைக்கே அறிவித்தது. கடைசியில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1-ஆம் தேதியும், தமிழகத்துக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு ஜூன் 2-ஆம் தேதியும்தான் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

மற்ற ஊர்களில் இது ஒரு நாள் செய்தி. நாமக்கல்லில் அப்படிக் கடந்துபோக முடியாது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர் லாரிகள், சங்ககிரியின் லாரி ஆபீஸ்கள், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள் என்று சக்கரத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் இவை. பில் வரவில்லை என்றால் லோடு ஏற்றிய வண்டி நிற்கும். வண்டி நின்றாலும் டிரைவர் பேட்டாவும் ஃபைனான்ஸ் தவணையும் நிற்பதில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பக்கத்து லாரி ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று உண்டு. "ஏனுங்க, பில்லு வரலையே?" "சர்வர் டவுனுங்கண்ணா, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க." சர்வர் உண்மையிலேயே டவுனாக இருக்கலாம். நிரலில் ஏதோ ஒரு வரி தப்பாகவும் இருக்கலாம். எது என்று பதில் சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. லட்சக்கணக்கான வரிகள் உள்ள நிரலில் பிழை எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று புள்ளிவிவரத்தை வைத்துத் தேடும் முறைகள் 20 வருடங்களுக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ளன. அவை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தோற்றுப்போன ஓட்டத்தின் பதிவோடு, சரியாக ஓடிய ஓட்டத்தின் பதிவையும் கொடுங்கள். அந்த ஒன்றைத்தான் அரசு போர்ட்டல் முதல் சேலத்தில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் ஐந்து பேர் கம்பெனி வரை பெரும்பாலும் யாரும் வைத்திருப்பதில்லை.

பட்டறைக் கணக்கு

இந்த முறையின் அடிப்படை எந்த லாரி மெக்கானிக்குக்கும் புரியும். ஒரு ஆபீஸில் 12 வண்டிகள். நான்கு வண்டிகளில் பிரேக் டிரம் சூடாகி வந்து நிற்கிறது. நான்கும் தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாக இறங்கி வந்தவை. இறக்கம்தான் காரணம் என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால், நல்ல மெக்கானிக் அங்கே நிறுத்தமாட்டார். "மத்த எட்டு வண்டி எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்பார். அதில் ஆறு வண்டிகள் அதே தொப்பூர் வழியாக வந்து ஒன்றும் ஆகவில்லை என்றால், இறக்கத்தின் மேல் உள்ள சந்தேகம் பாதி குறைந்துவிடும். சூடான நான்குக்கும் போன மாதம் ஒரே கடையில் லைனர் மாற்றியிருக்கிறது, நன்றாக ஓடிய எட்டில் ஒன்றுக்குக்கூட அந்தக் கடை லைனர் இல்லை என்று தெரிந்தால்? எதை முதலில் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்ய உதவியது பழுதான வண்டி இல்லை, பழுதாகாத வண்டி.

வண்டி போன பாதையின் இடத்தில் நிரல் ஓடிய வரிகளை வைத்தால் போதும். ஒரு நிரலை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது எல்லா வரிகளையும் தொடுவதில்லை. 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்' என்று கிளை பிரிந்து போகும். எந்தெந்த வரிகள் ஓடின என்ற குறிப்புதான் கவரேஜ். தோற்ற ஓட்டங்களில் அதிகமாகவும், ஜெயித்த ஓட்டங்களில் குறைவாகவும் தென்படும் வரியே சந்தேகத்துக்குரியது.

2002-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜோன்ஸ், மேரி ஜீன் ஹாரல்ட், ஜான் ஸ்டாஸ்கோ ஆகிய மூவரும் இதைத் திரையில் வண்ணமாகவே காட்டினார்கள். தோல்வியோடு ஒட்டிய வரி சிவப்பு, வெற்றியோடு ஒட்டியது பச்சை, நடுவே மஞ்சள். அதற்கு டரன்ச்சுலா என்று பெயர். பின்னாடி வந்த இன்னொரு சூத்திரம் ஒச்சியாய். பெயர்க் காரணம் சுவாரஸ்யமானது. அகிரா ஒச்சியாய் ஜப்பானிய மீனியல் அறிஞர். தட்டை மீன் இனங்களில் எவை எந்தக் கடல் பகுதியில் சேர்ந்து காணப்படுகின்றன என்று ஒப்பிட 1957-இல் அவர் போட்ட கணக்கை, அரை நூற்றாண்டு கழித்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ரூய் அப்ரூவும் சகாக்களும் எடுத்து நிரல் வரிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். டரன்ச்சுலாவை விட நன்றாக வேலை செய்தது. மீனோ, வரியோ, எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கையிலேயே போட்டுப் பார்க்கலாம்

இ-வே பில் எத்தனை நாள் செல்லும்? 2021 ஜனவரி 1 முதல், சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், அதில் ஒரு பகுதி என்றாலும், கூடுதலாக ஒரு நாள். அதற்கு முன்பு இது 100 கிலோமீட்டராக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலை இறக்கை போன்ற ஓ.டி.சி. லோடுக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும் முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளும் நீட்டிப்புக் கேட்கலாம். விட்டால் விட்டதுதான்.

இப்போது ஒரு லாரி ஆபீஸ் தன் வசதிக்கு ஒரு சின்ன ஆப் எழுதி வாங்கியிருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பில் கெடு எப்போது முடிகிறது என்று டிரைவருக்கு முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. எழுதிய பையன் சாதாரண லோடுக்கு, தூரத்தை 200-ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று எழுதிவிட்டார். 130 கிலோமீட்டருக்கு ஒரு நாள், சரி. 270-க்கு இரண்டு நாள், சரி. சரியாக 200 வந்தால்? ஒரு நாள்தான் வரவேண்டும். ஆப் இரண்டு நாள் என்கிறது. டிரைவர் நம்பி, வண்டியை ஓரங்கட்டித் தூங்குகிறார்.

பத்து டிரிப் எடுத்துக்கொள்வோம். சாதாரண லோடு எட்டு: 60, 130, 200, 270, 340, 400, 510, 650 கிலோமீட்டர். ஓ.டி.சி. லோடு இரண்டு: 45, 90. இதில் 200-ம் 400-ம் மட்டும் தப்பாக வரும். மற்ற எட்டும் சரி.

நிரலில் மூன்று இடங்கள். தூரத்தை வாங்கும் முதல் வரி, சாதாரண லோடுக்கான வரி, ஓ.டி.சி. வரி. தோற்ற இரண்டு டிரிப்பின் பதிவு மட்டும் உங்களிடம் இருந்தால் என்ன தெரியும்? இரண்டிலும் முதல் வரி ஓடியிருக்கிறது, சாதாரண லோடு வரியும் ஓடியிருக்கிறது. இரண்டில் யார் மேல் சந்தேகப்படுவது என்று சொல்ல வழியே இல்லை.

ஜெயித்த எட்டையும் சேர்த்துப் பாருங்கள். டரன்ச்சுலா கணக்கு இதுதான்: தோற்ற ஓட்டங்களில் எத்தனை பங்கு அந்த வரியைத் தொட்டது என்பதை, தோற்றதில் தொட்ட பங்கு, ஜெயித்ததில் தொட்ட பங்கு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முதல் வரியைத் தோற்றவை எல்லாம் தொட்டன, ஜெயித்தவையும் எல்லாம் தொட்டன. ஒன்றை இரண்டால் வகுத்தால் 0.5. சாதாரண லோடு வரியைத் தோற்றவை எல்லாம் தொட்டன, ஜெயித்த எட்டில் ஆறு தொட்டன. ஒன்றை 1.75-ஆல் வகுத்தால் 0.57. ஓ.டி.சி. வரிக்கு பூஜ்யம். ஒச்சியாய் சூத்திரத்தில் போட்டால் இதே வரிசையில் 0.45, 0.5, பூஜ்யம் என்று வரும். இரண்டுமே சரியான வரியை முதலிடத்தில் வைக்கின்றன. வித்தியாசம் சொற்பம்தான். ஆனாலும் பிரித்துக் காட்டிவிட்டது, பிரித்தது ஜெயித்த டிரிப்கள்.

இவ்வளவு சின்ன உதாரணத்தில், கூர்மையான ஆள் கண்ணாலேயே பிழையைப் பிடித்துவிடுவார் என்பது உண்மைதான். ஒரு லட்சம் வரி, ஆறு பேர் எழுதியது, அதில் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்றால் கண் உதவாது.

வரியைத் தாண்டி, நிலைமை

சாதாரண லோடு வரி ஆறு முறை சரியாகவும் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் வரி மேல் மட்டும் சந்தேகப்பட்டால் போதாது, எந்த நிலைமையில் ஓடும்போது தப்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பென் லிப்ளிட் என்ற ஆய்வாளர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கி, அலெக்ஸ் ஐக்கன், மயூர் நாயக் முதலியோருடன் 2003, 2005 கட்டுரைகளில் செய்துகாட்டினார். நிரலுக்குள் ஆங்காங்கே சின்னச் சின்னக் கேள்விகளைச் செருகிவைப்பது: இந்தக் கிளை பிடித்ததா? இந்த எண் அந்த எண்ணை விடப் பெரியதா? மீதி பூஜ்யமா?

லாரி ஆப்பில் 'வகுத்தபின் மீதி பூஜ்யமா?' என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்த டிரிப் இரண்டு. இரண்டுமே தோற்றவை. அதாவது இந்த நிலைமையில் தோல்வி நூற்றுக்கு நூறு. அந்தக் கேள்வி இருக்கும் இடத்துக்கு வந்த மொத்த டிரிப் எட்டு, அதில் தோல்வி இரண்டு, அதாவது 25 சதவீதம். இரண்டுக்கும் உள்ள 75 சதவீத இடைவெளிதான் துப்பு. வரியை மட்டும் பார்த்தபோது 0.57-க்கும் 0.5-க்கும் நடுவே இழுபறியாக இருந்தது. இங்கே இழுபறியே இல்லை.

லிப்ளிட் குழுவின் இன்னொரு யோசனை இந்தியாவுக்கு இன்னும் பொருத்தமானது. எல்லாக் கேள்விக்கும் எல்லா முறையும் பதில் பதிவுசெய்தால் நிரல் மெதுவாகிவிடும். அதனால் நூறில் ஒரு முறை, ஆயிரத்தில் ஒரு முறை என்று குலுக்கல் போல எடுத்தார்கள். ஒருவருடைய கணினியிலிருந்து வருவது துளி. ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து துளி துளியாக வந்தால் படம் தெளிவாகிவிடுகிறது. நாடு முழுவதும் பயன்படுத்தும் ஒரு போர்ட்டலுக்கு ஓட்டங்களுக்கா பஞ்சம்?

இது அமெரிக்க ஆய்வகத்தோடு நின்ற விஷயமும் இல்லை. சேலத்திலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரு, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் ஊர். 2009-இல் ஆதித்ய நோரி, கபில் வாஸ்வானி உள்ளிட்டோர் திரிசூல் சிலிம்பி, லிப்ளிட் ஆகியோருடன் சேர்ந்து ஹோம்ஸ் என்ற கருவியை வெளியிட்டார்கள். தனித்தனி வரிக்குப் பதிலாக நிரல் போன முழுப் பாதையையும் அது ஒப்பிடும். புகார் வந்த பகுதியை மட்டும் கண்காணித்து, துப்பு போதவில்லை என்றால் வளையத்தை விரிக்கும். 2018-இல் ரஞ்சிதா பக்வான் உள்ளிட்ட அதே நிறுவன ஆய்வாளர்கள் ஆர்க்கா என்ற கருவியைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெரிய மின்னஞ்சல் சேவையில், அன்றாடம் சேரும் நூற்றுக்கணக்கான மாற்றங்களில் எந்த மாற்றம் கோளாறுக்குக் காரணம் என்று தேடித் தருவது அதன் வேலை. பயன்படுத்தப்பட்ட பிழைகளில் 77 சதவீதத்தை அது சரியாகக் காட்டியது, ராத்திரி டியூட்டியில் இருக்கும் இன்ஜினியரின் வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்கிறது அந்தக் கட்டுரை. ஆர்க்காவின் உத்தி வேறு, முழுக்கப் புள்ளிவிவரம் என்று சொல்ல முடியாது. ஆனால், அதுவும் பதிவுகளை ஒழுங்காக வைத்திருந்த இடத்தில்தான் வேலை செய்தது.

ஸ்கிரீன்ஷாட் போதாது

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஒரு சின்ன ஊர் மென்பொருள் கம்பெனிக்குப் புகார் எப்படி வருகிறது? வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, நேத்துலேருந்து கணக்கு தப்பா வருது, சீக்கிரம் பாருப்பா." தம்பி தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கிறார். சரியாக வருகிறது. "அண்ணே, எங்க சிஸ்டத்துல சரியாத்தான் வருது" என்று பதில் போகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தோற்ற ஒரு ஓட்டம் அங்கே, ஜெயித்த ஒரு ஓட்டம் இங்கே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஏற்பாடு இல்லை.

டெஸ்ட் எழுத நேரமில்லை என்பது அடுத்த காரணம். முட்டைக் கணக்கு, ஜவ்வரிசி ஆலை ஸ்டாக், லாரி டிரிப் ஷீட் என்று வேலை குவியும்போது, காசு கொடுக்கிறவர் ஸ்கிரீன்தான் கேட்பார், டெஸ்ட் கேட்கமாட்டார். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய டிரிப் ஷீட்டுகளே டெஸ்ட்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போன வருடம் சரி என்று கையெழுத்து வாங்கிய 500 பில்லை எடுத்து மறுபடி ஓட்டினால் 500 ஜெயித்த ஓட்டங்கள் கையில் வந்துவிடும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு கவரேஜ்.பை என்ற இலவசக் கருவி எந்த டெஸ்ட் எந்த வரியைத் தொட்டது என்பதுவரை பதிவு செய்து தரும். ஜாவாவுக்கு ஜகோகோ இருக்கிறது, சந்தேகப் பட்டியலே போட்டுத் தரும் ஜிஸோல்ட்டாரும் இருக்கிறது. செலவு ஒரு சனிக்கிழமை மதியம்.

அரசு போர்ட்டல்களுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது. அவர்களிடம் ஆட்களும் இயந்திரங்களும் உண்டு. வாங்கும் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தோற்ற, ஜெயித்த ஓட்டங்களின் மாதிரிப் பதிவு இத்தனை நாளைக்கு வைத்திருக்க வேண்டும் என்று. தனிநபர் விவரம் கசியுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. எந்த வரி ஓடியது, எந்தக் கேள்விக்கு ஆம் வந்தது என்ற எண்ணிக்கை போதும். ஜி.எஸ்.டி. எண்ணோ, வண்டி நம்பரோ, டிரைவர் பெயரோ தேவையில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்காது.

'இதெல்லாம் எதுக்கு, ஏ.ஐ. கிட்ட கேட்டா சொல்லிடாதா?' என்பவர்கள் இருக்கிறார்கள். கோடைப் படித்து ஏ.ஐ. நன்றாகவே ஊகிக்கும். ஆனால் நேற்று எந்த பில் தோற்றது, எந்த பில் ஜெயித்தது என்பது கோடில் எழுதியிருக்காது. அந்தப் பதிவைக் கொடுத்தால் ஏ.ஐ.யும் கூர்மையாகும். கொடுக்காவிட்டால் அதுவும் வாட்ஸ்அப் தம்பி நிலைமைதான்.

பட்டியல்தான், தீர்ப்பு இல்லை

இந்த முறைகளைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. 2011-இல் கிறிஸ் பார்னின், அலெஸாண்ட்ரோ ஓர்ஸோ இருவரும் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் டரன்ச்சுலா பட்டியலைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். எளிய வேலையில், ஏற்கெனவே திறமையானவர்கள் சற்று வேகமாக முடித்தார்கள். கடினமான வேலையில் பட்டியல் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். பட்டியலில் மேலிருந்து கீழாக யாரும் போகவில்லை. சரியான வரியைக் கண்ணெதிரே காட்டினாலும், ஏன் தப்பு என்று புரிந்தால்தானே திருத்த முடியும்? 2016-இல் 386 மென்பொருள் வல்லுநர்களிடம் கேட்டபோது, முதல் ஐந்து இடங்களுக்குக் கீழே பார்க்கப் பொறுமை இல்லை என்பதே பெரும்பாலானோரின் பதில். ஆய்வகத்தில் வேண்டுமென்றே நுழைத்த பிழைகளில் பளபளத்த சூத்திரங்கள், நிஜப் பிழைகளில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்று 2017-இல் வந்த ஆய்வு சொன்னது.

2018 பிப்ரவரி 1 போல ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து மோதி போர்ட்டல் விழுந்தால் வரிக் கணக்கு அதிகம் உதவாது. பாலம் தாங்கவில்லை என்றால் எந்த லாரியின் லைனரைச் சோதித்தும் பயன் இல்லை. ஆனால், எது பாலத்தின் குறை, எது லைனரின் குறை என்று பிரித்துச் சொல்லவாவது பதிவு வேண்டும். 'சர்வர் டவுன்' என்ற ஒற்றை வார்த்தை இரண்டையும் மூடிவிடுகிறது.

கை யார் மேல் நீளும்?

பதிவு இல்லாத இடத்தில் பழி யார் மேல் விழும் என்பதற்கு உலகம் பார்த்த மோசமான உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. அந்நாட்டு அஞ்சல் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளில் நிறுவியது. கிளைகளில் பணம் குறைவதாக அது காட்டியது. 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினர் பலர். சீமா மிஸ்ரா 2010-இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. உதவி எண்ணை அழைத்தவர்கள் பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்று பதில் சொல்லப்பட்டது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஃப்ரேசர், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். மிஸ்ராவின் தண்டனை 2021-இல் ரத்தானது. 2024-இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் திருடராகத் தெரிந்தார்கள். எல்லாக் கிளைகளையும், கணக்கு சரியாக வந்த நாட்களையும் வராத நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், எந்தச் செயலுக்குப் பிறகு பணம் காணாமல் போகிறது என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

அது வேறு நாடு, வேறு சட்டம். ஆனால் தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளிலும் இப்போது பி.ஓ.எஸ். இயந்திரம்தான் கணக்கு வைக்கிறது. இருப்பு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் விற்பனையாளர். லாரி விஷயத்துக்கே வந்தால், வழியில் பறக்கும் படை நிறுத்தும்போது பில் கெடு முடிந்திருந்தால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவு பாயும். 2022 ஜனவரி முதல் அதில் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாறியது போன்ற கைத்தவறுகளுக்கு இவ்வளவு கடுமை வேண்டாம், 500 ரூபாய் வீதம் இரண்டு வரிக்கும் அபராதம் போட்டால் போதும் என்று 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கை. மனிதரின் விரல் தவறும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. நிரலின் வரியும் தவறும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

கம்பெனிக்குள்ளேயும் இந்தக் கை நீளும். சந்தேக மதிப்பெண் 0.57 என்று ஒரு வரி மேலே வந்தவுடன், அந்த வரியை எழுதியது யார் என்று தேடி அப்ரைசலில் கழித்தால், அடுத்த மாதம் முதல் யாரும் தோற்ற ஓட்டத்தைப் பதிவே செய்யமாட்டார்கள். லைனரைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே கடைக்காரரை அடிக்கப் போகிற கதை அது. எண் சுட்டுவது ஒரு வரியை. அதுவும் முதலில் பார்க்க வேண்டிய வரி என்ற அளவில்தான்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய கணிதம்கூட வேண்டாம். பில் உருவாகாமல் நின்றால், திரையில் 'பிறகு முயலவும்' என்பதோடு, அது எந்தப் படியில் நின்றது என்ற எண்ணும், கடந்த ஒரு மணி நேரத்தில் அதே படியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணிக்கையும் வரட்டும். தாண்டாதவர்கள் ஒருவர் மட்டும் என்றால் லாரி ஆபீஸ்காரர் தன் பில்லைத் திரும்பப் பார்ப்பார். ஆயிரம் பேர் என்றால், சோதனைச் சாவடியில் நிற்கும் டிரைவர் அந்தத் திரையையே அதிகாரியிடம் நீட்டலாம்.